வாந்தி எடுத்தவுடன் தம்ளரை நீட்டாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மணி இரண்டே கால். பக்கத்தில் படுத்திருந்த பேரன் எழுந்து உட்கார்ந்தான். "பாட்டி, வாயில தண்ணியா ஊறுது." பாலர் பள்ளியில் 19 வருடம் வேலை பார்த்தவளுக்கு அதன் பொருள் தெரியும். எச்சில் ஊற ஆரம்பித்தால் கையில் இருப்பது அரை நிமிடம்தான். அவனை முன்னால் குனிய வைத்து, தரை துடைக்கும் நீல வாளியை மடிக்கு இழுத்தேன். மாலையில் பிறந்தநாள் விழாவில் தின்ற மீ கோரெங் நூடுல்ஸ், கேக், ஏதோ ஒரு பச்சை ஜெல்லி எல்லாம் வந்து விழுந்தன. கொஞ்சம் என் கையிலும் விழுந்தது.

சத்தம் கேட்டு எழுந்த என் வீட்டுக்காரர் நேராக அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் தம்ளர் நிறைய மைலோ. "வயிறு காலியாயிடுச்சு பாரு, இதைக் குடிடா கண்ணு."

அந்தத் தம்ளரை வாங்கி ஓரமாக வைத்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் லேசான வாந்தியை வீட்டில் பார்த்துக்கொள்வதில் முக்கால்வாசி வேலை, அன்போடு நீட்டப்படும் அந்தத் தம்ளரைத் தள்ளி வைப்பதுதான்.

இது எனக்கும் அடிபட்டுத்தான் புரிந்தது. என் மகளுக்கு நாலு வயது இருக்கும், அப்போது சிங்கப்பூரின் அங் மோ கியோ பேட்டையில் குடியிருந்தோம். வாந்தி எடுத்துவிட்டுத் தாகம் தாகம் என்றாள். குளுக்கோஸ் தண்ணீரைப் பெரிய தம்ளரில் கலந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். ஐந்து நிமிடத்தில் குடித்த அத்தனையும் சோபாவில். மறுபடி கொடுத்தேன், மறுபடி வந்தது. நாலாவது தடவை பிள்ளை துவண்டு தோளில் சாய்ந்தபோது பயந்துபோய்ப் புளோக்கின் கீழே இருந்த மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த வயதான சீன டாக்டர் ஊசி எதுவும் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் கரண்டியை என் கையில் கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி கொடு, இங்கேயே உட்கார்ந்து கொடு என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கொடுத்தேன். ஒரு சொட்டு திரும்பி வரவில்லை.

காரணம் சிக்கலானது இல்லை. புண்பட்ட வயிறு கொஞ்சம் விரிந்தாலும் உடனே வெளியே தள்ளும். ஒரு கரண்டி தண்ணீர் வந்தது வயிற்றுக்குத் தெரிவதற்குள் அது கீழே குடலுக்கு இறங்கிவிடும். தம்ளர் நிறையக் கொடுத்தால் அதுவே அடுத்த வாந்திக்கு அழைப்பு.

முதல் அரை மணி நேரம்

வாந்தி வந்து ஓய்ந்ததும் பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை எதுவும் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நாக்கு வறண்டு அழுகிற பிள்ளைக்கு ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடலாம். பெரியவர்களாக இருந்தால் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

வாய் நாறுகிறது என்று உடனே பல் துலக்க வேண்டாம். வயிற்று அமிலம் பட்டுப் பல்லின் மேல்பூச்சு இளகியிருக்கும், அந்த நேரத்தில் பிரஷ் போட்டால் தேயும். அரை மணி நேரமாவது கழியட்டும்.

மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரலாம், இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கலாம். தூக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடக் கூடாது, அதற்காகத்தான். மதுபானம் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிற வயசுப் பையன்கள் உள்ள வீட்டில் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

பிறகு கரண்டி. சர்க்கரை போடுகிற கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். அதனால் காய்ச்சல் மருந்தோடு வரும் 5 மில்லி அளவுக் கரண்டியோ சிரிஞ்சோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் மணிக்கு 60 மில்லி உள்ளே போகும். அது தங்கினால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 150 மில்லி. பார்க்கச் சொற்பமாகத் தெரியும், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நல்ல கணக்கு. ஒரு மணி நேரம் தாண்டியும் வாந்தி இல்லையென்றால் கரண்டியை இரண்டாக்குங்கள், பிறகு சின்னக் கோப்பை, அதையும் மடக்கு மடக்காக. நடுவில் மறுபடி வாந்தி வந்தால் மனம் விட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு முதல் கரண்டியிலிருந்து தொடங்குங்கள். கொடுத்ததில் ஒரு பங்காவது உள்ளே தங்கியிருக்கும்.

நான் தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். அன்றைக்கு எழுதியது இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது: "2.15 வா. 2.50 வா கொஞ்சம். 3.20 கர 1. 3.25 கர 1. 3.31 கர 1 (துப்பிட்டான்). 4.10 ஒண்ணுக்கு போனான்." கடைசி வரிதான் முக்கியம். சிறுநீர் போகிறவரைக்கும் உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அரைத் தூக்கத்தில் எழுதினாலும் பரவாயில்லை, டாக்டரிடம் போக நேர்ந்தால் அவர் கேட்கும் முதல் நாலு கேள்விக்கும் பதில் அந்தத் தாளில் இருக்கும்.

என்ன கொடுப்பது

முதலிடம் ஓஆர்எஸ்தான், அதாவது உடம்பு இழந்த நீரை ஈடுகட்டக் குடிக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல். பேட்டை மருந்துக்கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும். எத்தனை மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதில் கஞ்சத்தனமும் வேண்டாம், தாராளமும் வேண்டாம். பாதிப் பாக்கெட்டைப் பாதித் தம்ளரில் என்று குத்துமதிப்பாகப் போடாதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமலே கலக்கலாம், ஆனால் கைக்குழந்தைக்கு என்றால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கலந்தது 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். லேசாகக் குளிரவைத்துக் கொடுத்தால் அந்த உப்புச் சுவை அவ்வளவாகத் தெரியாது.

இந்தச் சாதாரண உப்பு சர்க்கரைத் தண்ணீருக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. 1971ல் வங்காளதேசப் போரின்போது எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. திலீப் மஹாலனபிஸ் என்ற டாக்டர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் கூட வந்த சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். சிகிச்சை கிடைக்காமல் 30 விழுக்காடுவரை இருந்த சாவு, அவர் முகாமில் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், உப்பின் பின்னால் தண்ணீர் போகும். வெறும் தண்ணீர் செய்ய முடியாத வேலை இது. இதைச் சொன்ன பிறகுதான் என் மருமகன் ஓஆர்எஸ்ஸை மதிக்க ஆரம்பித்தார்.

நள்ளிரவில் பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கலக்கி நக்கிப் பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது. உப்பு கூடினால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து, அதனால் சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இது காலையில் கடை திறக்கும்வரை பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் சமாளிக்கத்தான். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக் கலவை வேண்டாம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

100 பிளஸ் என்ற விளையாட்டு பானத்தைக் கொடுக்கலாமா என்று கேட்காத ஆளே இந்தத் தீவில் இல்லை. ஓடியாடி வேர்த்தவனுக்கு அது சரி. வாந்தியில் இழந்த உப்புக்கு அது போதாது, சர்க்கரையும் ஓஆர்எஸ்ஸைவிட நிறைய அதிகம். திடகாத்திரமான பெரியவர் ஒருவர் வேறு வழியில்லாமல் தண்ணீர் சேர்த்துக் கொஞ்சம் குடித்தால் குடி முழுகாது. பிள்ளைகளுக்கு வேண்டாம். இளநீரும் அப்படித்தான், பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மைலோ, பால், கோப்பி, பாக்கெட் ஜூஸ், கேஸ் நிறைந்த பானம் எல்லாம் முதல் நாள் ஓய்வெடுக்கட்டும்.

குமட்டல் மட்டும் இருக்கும்போது

வாந்தி வராமல் வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருப்பது ஒரு தனி இம்சை. அதற்கு முதல் எதிரி வாசனை. எங்கள் ஈசூன் வீட்டில் தாழ்வாரம் வழியாகவே நாலு வீட்டுச் சமையல் உள்ளே வரும். ஒரு வீட்டில் பெலாச்சான் என்ற இறால் விழுதை வறுப்பார்கள், ஒரு வீட்டில் டுரியான் பிளப்பார்கள். வாசல் பக்க சன்னலை மூடிவிட்டு அடுப்படிச் சன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். உங்கள் வீட்டிலும் தாளிப்பு, கருவாடு, சாம்பிராணி எல்லாம் ஒரு நாள் நிற்கட்டும். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அதனால் ஆறிய கஞ்சி சுலபமாக இறங்கும்.

இஞ்சி உதவுகிறது, அதிலும் மசக்கைக் குமட்டலுக்கு. நாலைந்து மெல்லிய சீவல்களைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வடிகட்டி, துளி சர்க்கரையோடு மடக்கு மடக்காகக் குடிக்கலாம். சுக்குக் கோப்பி மாதிரி காரமாகப் போட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். சீரகத் தண்ணீர் எனக்குப் பிடிக்கும், கெடுதல் இல்லை, ஆனால் அது உப்பை ஈடுகட்டாது என்பதை நினைவில் வையுங்கள். எலுமிச்சைத் தோலைக் கீறி முகர்வது சிலருக்குக் கேட்கிறது. இன்னொரு உபாயம், ஊசி போடும் முன் தோலைத் துடைப்பார்களே, அந்த ஆல்கஹால் துண்டு. பெரியவர்கள் அதை மூக்கிலிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்து மெதுவாக மூச்சு இழுத்தால் குமட்டல் அடங்குகிறது. மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். முதலில் நான் நம்பவில்லை. பாத்தாம் தீவுக்குப் போகும் படகில் முயன்று பார்த்த பிறகு நம்புகிறேன்.

கோடாலித் தைலத்தைச் சொல்லாவிட்டால் என் அக்கா கோபித்துக்கொள்வாள். 1928லிருந்து இந்த ஊரில் தயாராகும் சரக்கு, ஊருக்குப் போகிற ஒவ்வொரு பெட்டியிலும் அரை டஜன் போகும். பெரியவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம். உள்ளுக்குக் குடிப்பது கூடவே கூடாது, வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கும் பழக்கம் உள்ள பெரிசுகளைத் தடுங்கள். கைக்குழந்தையின் நெஞ்சிலோ மூக்கிலோ தடவாதீர்கள். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு (சில பொருள்கள் பட்டால் ரத்தச் சிவப்பணு சிதையும்) இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளை பக்கத்தில் இந்த மாதிரித் தைலத்தையே கொண்டுபோக வேண்டாம்.

மசக்கைக்காரர்கள் காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் இரண்டு சோடா பிஸ்கட் தின்றுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எழுந்தால் தேவலை. எதுவும் தங்கவில்லை, எடை இறங்குகிறது என்றால் அது மசக்கை என்று பேசாமல் இருக்கக் கூடாது. பயணக் குமட்டலுக்கு கெந்திங் மலைப் பாதையில் கைத்தொலைபேசியைப் பார்க்காமல் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தில் பார்ப்பதுதான் வழி. மாத்திரை என்றால் பேருந்து ஏறும் முன்பே போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

எப்போது சாப்பாடு

"லங்கனம் பரம ஔஷதம்" என்று என் மாமியார் இரண்டு நாள் பட்டினி போடுவார். சில மணி நேரம் சோறில்லாமல் இருப்பது சரி. தண்ணீருக்கு லங்கனம் கிடையாது. வாந்தி நின்று நாலைந்து மணி நேரம் ஆகி, பசிக்குது என்று அவர்களாகவே சொன்னால் கொடுக்கலாம். சொல்லாவிட்டால் திணிக்க வேண்டாம், குடிக்கிறவரைக்கும் கவலையில்லை.

ஒரு பிடி அரிசி, எட்டுப் பங்கு தண்ணீர், உப்பு. குழைய வேகவைத்து ஆறவைத்தால் கஞ்சி. கூடவே எதுவும் வேண்டாம், ஊறுகாய் கண்ணிலேயே படக் கூடாது. நெல்பொரிக் கஞ்சி இன்னும் இதமானது. கார்த்திகை சமயத்தில் தேக்காவில் நெல்பொரி வாங்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வேன், ஒரு கைப்பிடியைக் கொதிநீரில் போட்டுக் கரைத்து வடித்தால் ஐந்து நிமிட வேலை. இட்லி, இடியாப்பம், வாட்டிய ரொட்டி, வாழைப்பழம் எல்லாம் அடுத்த வேளைக்கு. வெறும் கஞ்சியிலேயே மூன்று நாள் ஓட்டவும் கூடாது, ஒன்றிரண்டு நாளில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும்.

துடைக்கிற வேலை

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பாலர் பள்ளியில் நாங்கள் படித்த பாடமே இதுதான். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் மற்ற பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புவோம், அப்புறம்தான் துடைப்போம். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ், வாந்தியோடு கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கும், அதில் துளி போதும் அடுத்தவருக்குத் தொற்ற.

கையுறை, முகக்கவசம், சன்னல் திறப்பு. வாந்தியின்மேல் டிஷ்யூவையோ பழைய செய்தித்தாளையோ போட்டு மூடுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து, இரண்டு பைக்குள் கட்டி வீசுங்கள். பிறகு அந்த இடத்துக்கும் சுற்று வட்டாரத்துக்கும் ப்ளீச் தண்ணீர். கடையில் வாங்கும் 5 விழுக்காட்டு ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அதாவது ஒரு லிட்டருக்கு நாலு டீஸ்பூன். ஊற்றிப் பதினைந்து நிமிடமாவது விட்டுவிட்டு நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் பலன் இல்லை. கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ வினிகரோடோ ப்ளீச்சைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மிஞ்சியதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் புத்திசாலித்தனமும் வேண்டாம். துணிகளை உதறாமல் சுருட்டி, தாங்கும் அளவு சூட்டில் தனியாகத் துவையுங்கள்.

கைக்கு சோப்பும் தண்ணீரும்தான், 20 நொடி. கோவிட் காலத்தில் வாங்கிக் குவித்த கைச் சுத்திகரிப்பு ஜெல் நோரோவிடம் சரியாக எடுபடாது. இதை நன்றாகத் தெரிந்தவள் நான். அன்றிரவு கையில் பட்டதை டிஷ்யூவால் துடைத்து, ஜெல்லைத் தேய்த்துவிட்டு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வைத்தியம் நிற்க வேண்டிய இடம்

வாந்தியில் ரத்தம், கோப்பித்தூள் மாதிரி கறுப்பு, பச்சை நிறம். கடுமையான தலைவலி, கழுத்தை மடக்க முடியாமை. தலையில் அடிபட்ட பிறகு வாந்தி. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி. மூன்று மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை. எழுப்பினாலும் சரியாக விழிக்காத பிள்ளை, கண்ணீர் இல்லாத அழுகை, குழி விழுந்த கண், ஆறு மணி நேரமாக நனையாத டயப்பர். வளர்ந்தவர்களுக்கு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. கரண்டி முறையில் கொடுத்தும் பிள்ளைக்கு அரை நாளாகவோ பெரியவருக்கு ஒரு நாளாகவோ எதுவும் தங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். ஆள் மயங்குகிறார், மூச்சு விடச் சிரமப்படுகிறார் என்றால் வாடகை வண்டி தேடாமல் 995ல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சலோடு வாந்தி என்றால் இந்த ஊரில் டெங்கியை நினைக்க வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதிப்படும் அந்த நாளில் விடாத வாந்தியும் வயிற்றுவலியும் வந்தால் அது மோசமான அறிகுறி. வலிக்கு ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

எங்கள் புளோக்கில் அறுபதைத் தாண்டிய ஒருவர், நீரிழிவுக்காரர், ஒருநாள் காலை குமட்டலும் குளிர்ந்த வியர்வையுமாக உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலி இல்லை. கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மதியம்வரை காத்திருந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த அரை நாள் அவர் இதயத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு இப்படி வேடம் போட்டு வரும். வியர்வை, தாடை வலி, தோள் வலி, மூச்சு வாங்கல் இதில் ஏதாவது சேர்ந்திருந்தால் ஓமத்தைத் தேடாதீர்கள்.

நீரிழிவு மாத்திரை போடுகிறவர் வாந்தி எடுத்தால் அன்றைக்கே மருந்தகத்தையோ பலதுறை மருந்தகத்தையோ அழைத்துக் கேளுங்கள். மெட்ஃபார்மின், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை இவற்றைச் சாப்பிடாத வயிற்றில் தொடர்வது சில சமயம் ஆபத்து. இன்சுலினைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. வாந்தி நிறுத்தும் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று பெரியவருடையதைப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுப்பதை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்றால், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பேரனுக்கு வாந்தி நின்றது. அதற்குள் என் மகள் பிறந்தநாள் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லி முடித்திருந்தாள். எனக்கும் சந்தேகம்தான். கேட்டரிங் சாப்பாட்டைச் சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டியிருந்தார்கள், மிச்ச மீயை யாரோ அதற்குப் பிறகும் தட்டில் போட்டார்கள். வெளியே கிடந்த மீயிலும் சோற்றிலும் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் சாகாது. ஆனால் அது பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாக வரும், இவன் எட்டு மணி நேரம் கழித்துத்தான் எடுத்தான்.

திங்கட்கிழமை இரவு ஏழு மணிக்கு விடை கிடைத்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது. நோரோ வைரஸ் 12லிருந்து 48 மணி நேரத்தில் காட்டிவிடும். பிறந்தநாள் வீட்டார்மேல் பழி இல்லை, பழி அந்த ஜெல் பாட்டிலின்மேலும் என்மேலும்தான். வாந்தி நின்று 48 மணி நேரம்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பதால் திங்களன்று மகள் விடுப்பு எடுத்திருந்தாள். பார்த்துக்கொள்ளும் பாட்டியும் படுத்துவிட்டதால் செவ்வாய்க்கு மருமகன். ஏழு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஆளுக்கு வருடத்துக்கு ஆறு நாள் கிடைக்கும் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பில் இரண்டு போயிற்று. பேரன் இரண்டு நாளும் ரொட்டி பராட்டா கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றிரவு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒரு தம்ளர் தண்ணி கொடுங்களேன்" என்றேன். என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் 5 மில்லி கரண்டி, மடியில் காலண்டர் தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."